வாசகர் கேள்வி–பதில்: யாருடைய நாலு மணி?

கேள்வி: பைத்தான் என்ற நிரல்மொழி படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வேலை ஆரம்பித்த நேரத்தை முடிந்த நேரத்திலிருந்து கழித்தேன். ‘ஆஃப்செட்-நேய்வ் டேட்டைமையும் ஆஃப்செட்-அவேர் டேட்டைமையும் கழிக்க முடியாது’ என்று பிழை வருகிறது. இங்கிலீஷ் புரிகிறது, விஷயம் புரியவில்லை. — ஒரு மாணவி, திருநெல்வேலி

பதில்: தப்பு உங்கள் மேல் இல்லை, அந்தச் செய்தியின் மேல்தான். துபாயில் இருக்கும் அண்ணன் ‘நாலு மணிக்குப் பேசுகிறேன்’ என்று மட்டும் சொன்னால், அங்கே நாலா இங்கே நாலா என்று கேட்போம் இல்லையா? (அங்கே நாலு என்றால் இங்கே ஐந்தரை.) ஊர் சொல்லாத நாலு மணிக்குப் பைத்தான் வைத்த பெயர் நேய்வ். யுடிசி என்ற உலகப் பொது நேரத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்ற கணக்கோடு வருவது அவேர். இரண்டையும் கலந்து கழித்தால் விடையை நம்ப முடியாது, அதனால் பைத்தான் மறுக்கிறது, மறுப்பதும் சரிதான். ஆனால் எந்த நேரத்துக்கு ஊர் இல்லை என்று அதற்குத் தெரியும், தெரிந்தும் சொல்வதில்லை. ‘இடது பக்க நேரத்துக்கு மண்டலம் இல்லை, வலது பக்கத்துக்கு +05:30 இருக்கிறது’ என்று ஒரு வரி இருந்திருந்தால் நீங்கள் எங்களுக்கு எழுத வேண்டியே வந்திருக்காது.

ஒரு நேரத்தை யுடிசிநவ் என்ற ஃபங்ஷனால் (பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்து தரும் நிரல்துண்டு) எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெயரிலேயே யுடிசி இருக்கிறது, ஆனால் அது தரும் நேரத்தில் யுடிசி என்ற குறிப்பே இருக்காது. இதைவிட மோசம், அந்த நேரத்திடம் டைம்ஸ்டாம்ப் (1970 ஜனவரி 1 யுடிசியிலிருந்து எத்தனை விநாடி என்ற எண்) கேட்டால் பைத்தான் அதை உங்கள் கணினியின் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும், நம் ஊரில் சரியாக ஐந்தரை மணி நேரம், அதாவது 19800 விநாடி, பிசகும், ஒரு பிழைச் செய்தியும் வராது. ஆவணத்தில் இதற்கு எச்சரிக்கை இருந்தது, ஆனால் ஃபங்ஷன் வேலை செய்கிற மாதிரி தெரியும்போது ஆவணத்தை யார் திறக்கிறார்கள்? 2023-ல் வந்த 3.12 பதிப்பில்தான் அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டாலே எச்சரிக்கை கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்த எச்சரிக்கை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ‘இது பழையது’ என்பதோடு விடாமல், நவ் என்ற ஃபங்ஷனுக்குள் யுடிசியைக் கொடுத்து எப்படி எழுத வேண்டும் என்று அந்த வரியையே காட்டுகிறது. நீங்களும் அப்படியே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: சர்வரிலிருந்து வந்த 1700000000000 என்ற எண்ணைப் பைத்தானில் தேதியாக மாற்றினால் ‘ஆண்டு 55840 எல்லைக்கு வெளியே’ என்கிறது. எண் கெட்டுவிட்டதா? — ஒரு வாசகர், ஓசூர்

பதில்: எண் நன்றாகத்தான் இருக்கிறது. அது 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய மில்லிவிநாடி, ஃபங்ஷன் கேட்பது விநாடி. ஆயிரத்தால் வகுங்கள், நம் நேரப்படி 2023 நவம்பர் 15 அதிகாலை 3.43 என்று வரும். ‘மில்லிவிநாடி கொடுத்துவிட்டீர்களா?’ என்று அந்தச் செய்தியிலேயே கேட்டிருக்கலாம். நிரலைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும் ஸ்லீப்புக்கு 10 என்று கொடுத்தால் பைத்தானில் பத்து விநாடி, ஜாவா மொழியில் பத்து மில்லிவிநாடி, கோ மொழியில் பத்து நானோவிநாடி. அலகு ஆவணத்தின் முதல் வரியிலேயே இருக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

கேள்வி: இலங்கைக்கு நேர மண்டலம் +5:30 என்று போட்டால் காணாதா? ஏன் ‘ஏஷியா/கொலம்போ’ என்று பெயர் கொடுக்கச் சொல்கிறார்கள்? பெயர் கொடுத்தால் என் விண்டோஸ் கணினியில் ‘அப்படி ஒரு மண்டலம் கிடைக்கவில்லை’ என்று வருகிறது. — ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இன்றைய நேரத்துக்குக் காணும், பழைய பதிவுகளுக்குக் காணாது. 1996 மே மாதம் இலங்கை +6:30-க்குப் போனது, அதே வருடம் அக்டோபரில் +6 ஆனது, 2006 ஏப்ரலில்தான் மறுபடி +5:30-க்கு வந்தது. அதனால் 2001-ல் பதிவான ஒரு பிறப்பு நேரத்தை +5:30 என்று எடுத்தால் அரை மணி நேரம் தவறும், ஜாதகம் கணிக்கும் மென்பொருளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஏஷியா/கொலம்போ என்ற பெயருக்குள் இந்த மாற்றங்கள் எல்லாம் இருக்கின்றன. (புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது, அது அந்தப் பெயருக்குள் இல்லை. அங்கே பதிவானதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.)

உங்களுக்கு வந்த பிழையைப் பார்த்தால் எழுத்துப்பிழை என்றுதான் யாரும் நினைப்பார்கள், இந்திய நேரம் என்றால் கல்கத்தாவா கொல்கத்தாவா என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். உண்மையில் பைத்தான் தேடும் மண்டலத் தரவு விண்டோஸில் இல்லை. டிஇஸட்டேட்டா என்ற பொதியை நிறுவினால் சரியாகிவிடும். ஆவணத்தில் இருக்கிற இந்தத் தகவலைச் செய்தியிலேயே சொல்லியிருக்கலாம்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் தேதி, நேர ஃபங்ஷன்களுக்கு ஆவணமும் பிழைச் செய்திகளும் எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. எங்கே தொடங்குவது? — ஒரு வாசகி, கோவை

பதில்: எடுத்துக்காட்டிலிருந்து தொடங்குங்கள். 01/02/2024 என்று எழுதாதீர்கள், அது பிப்ரவரி 1-ஆ ஜனவரி 2-ஆ என்று எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும். 25/12/2024, 17:05 என்று கொடுத்தால் எது நாள், எது மாதம், எது மணி என்று விளக்கமே வேண்டாம். அப்புறம் விளிம்புகளை, அதாவது வழக்கமான கணக்கு பிசகும் தேதிகளை, காட்டுங்கள். ஜாவாவில் தேதியின் வடிவத்தை எழுதும்போது ஆண்டுக்குச் சின்ன ஒய், வாரக் கணக்கிலான ஆண்டுக்கு (ஒரு வாரம் முழுவதையும் ஒரே ஆண்டில் சேர்க்கும் கணக்கு) பெரிய ஒய். வருடம் முழுக்க பெரும்பாலும் இரண்டும் ஒரே விடை தருவதால் சோதனையில் பிடிபடாது, 2018 டிசம்பர் 31 போன்ற ஒரு நாளில்தான் பெரிய ஒய் 2019 என்று அச்சடிக்கும். ஆவணத்தின் அட்டவணையில் ‘வார ஆண்டு’ என்று இரண்டு சொல்லோடு நிறுத்தினால் ஒருவருக்கும் புரியாது, அந்த ஒரு தேதியை எடுத்துக்காட்டாகப் போட்டால் உடனே புரியும். பிப்ரவரி 31 கொடுத்தால் என்ன ஆகும் என்றும் எழுதுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் 2024 பிப்ரவரி 31 என்று எண்களாகக் கொடுத்தால் அது வாய் திறக்காமல் மார்ச் 2 ஆக்கிவிடும், அதிலும் மாதம் சுழியத்திலிருந்து தொடங்குவதால் பிப்ரவரிக்கு 1 கொடுக்க வேண்டும்.

பிழைச் செய்திக்கு கோ மொழியைப் பாருங்கள். தேதி வடிவம் தப்பினால் நீங்கள் கொடுத்த எழுத்துகள், அது எதிர்பார்த்த வடிவம், எந்த இடத்தில் மாட்டிக்கொண்டது, மூன்றையும் ஒரே வரியில் சொல்லிவிடும். இதற்கு எதிராக, ‘அந்த மாதத்துக்கு நாள் எல்லை தாண்டியது’ என்று மட்டும் பைத்தான் நெடுநாள் சொல்லிவந்தது. எந்த நாள், எந்த மாதம்? பத்தாயிரம் வரி உள்ள கோப்பு ராத்திரி இரண்டு மணிக்கு நின்றுபோனால், எழுந்து வந்து பார்க்கிறவருக்கு அந்த இரண்டு எண்களும்தான் தேவை. உங்கள் செய்திகளை எழுதியதும் நிரல் தெரியாத ஒருவரிடம், டெஸ்டிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவராக இருந்தால் நல்லது, செய்தியை மட்டும் காட்டி ‘இப்போது எதைத் திருத்துவீர்கள்?’ என்று கேளுங்கள். அவர் நிரலைக் காட்டச் சொன்னால் அந்த வரியைத் திரும்ப எழுதுங்கள்.