வியட்நாமியர் புத்தாண்டை எப்படி வரவேற்கிறார்கள்? என்னென்ன சமைக்கிறார்கள்?

வியட்நாமியரின் புத்தாண்டான 'டெட்', சந்திர நாட்காட்டியின்படி ஜனவரி பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ வரும். அதன் மையம் ஒவ்வொரு வீட்டிலும் உள்ள முன்னோர் படையல் மேடைதான் என்பேன். அந்நாட்களில் மறைந்தவர்கள் வீடு திரும்புகிறார்கள் என்று நம்புவதால், சமைத்தவற்றை முதலில் அவர்களுக்குப் படைத்துவிட்டே மற்றவர்கள் உண்கிறார்கள்.

சந்திர ஆண்டின் கடைசி மாதம் 23ஆம் நாளிலேயே ஏற்பாடுகள் தொடங்கிவிடும். அன்று அடுப்படித் தெய்வங்கள் கெண்டை மீன் மீதேறி விண்ணுலகம் சென்று, அவ்வீட்டாரின் நடத்தையைத் தெரிவிப்பதாக ஐதீகம். அதற்காகப் பலர் உயிருள்ள கெண்டைகளைக் குளங்களிலும் ஆறுகளிலும் விடுவார்கள்.

வடக்கே படையலின் தலையாய உணவு 'பான் சுங்'. ஊறவைத்த ஒட்டும் அரிசிக்கு நடுவே பாசிப்பருப்பும் மிளகிட்ட பன்றி இறைச்சியும் வைத்து, 'டோங்' இலையில் சதுரமாக மடித்துக் கட்டி, பத்து மணி நேரத்துக்கும் மேலாக நீரில் வேகவைக்கிறார்கள். பானையில் தண்ணீரும் அடுப்பில் விறகும் குறையாமல் பார்த்துக்கொள்ள, குடும்பத்தார் இரவு முழுவதும் மாறி மாறி விழித்திருப்பது பழைய வழக்கம். அரிய பண்டங்களைத் தேடி அலையாமல், நிலத்தைக் குறிக்கும் இந்தச் சதுர உணவைப் படைத்த லாங் லியூ என்ற ஏழை இளவரசனுக்கே ஹுங் மன்னர் அரியணையை அளித்ததாகக் கதை உண்டு.

தெற்கே இதையே வாழையிலையில் உருளையாகச் சுற்றி 'பான் டெட்' என்கிறார்கள். நான் தெற்கிலுள்ள ஹோ சி மின் நகரில் வசித்தவன் என்பதால், இளநீரில் முட்டையோடு மெல்ல வேகும் பன்றி இறைச்சிக் குழம்பே என் முதல் தேர்வு. நாள்தோறும் சூடாக்கச் சூடாக்க அதன் சுவை கூடும். கொழுப்பின் கனத்தைப் புளிப்பான வெங்காய ஊறுகாய் சமன்செய்யும். இறைச்சி அடைத்த பாகற்காய்ச் சூப்பும் உடன் இருக்கும். வடக்கில் பீச் மலரும், தெற்கில் மஞ்சள் 'மாய்' மலரும் வீட்டை அலங்கரிக்கும்.

முதல் நாள் தந்தை வழி உறவினருக்கும், இரண்டாம் நாள் தாய் வழியினருக்கும், மூன்றாம் நாள் ஆசிரியருக்கும் உரியவை என்பது மரபு. ஆசிரியருக்கென ஒரு நாளை ஒதுக்கியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. குழந்தைகளுக்குச் சிவப்பு உறையில் பணம் கிடைக்கும். செல்வம் வெளியேறிவிடும் என்று முதல் நாளில் வீட்டைப் பெருக்கமாட்டார்கள்.

நீங்கள் அங்கே செல்வதாக இருந்தால், முதல் நாள் காலையில் அழைப்பில்லாமல் எவர் வீட்டுக்கும் போகாதீர்கள். முதலில் வாசற்படி மிதிப்பவரைப் பொறுத்தே ஆண்டு முழுவதற்குமான நற்பேறு அமையும் என்று நம்பி, அவரை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்திருப்பார்கள்.