காசநோய் ஆறிய நுரையீரலில் பூஞ்சை: மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: தும்பு (தேங்காய் நார்) ஆலையில் வேலை செய்யும் என் அப்பாவுக்கு வயது 58. 6 ஆண்டுகளுக்கு முன்பு காசநோய்க்கு முழுமையாக மருந்து சாப்பிட்டுக் குணமடைந்தார். அண்மையில் சளியில் இரத்தம் வந்தபோது, காசநோய் திரும்பவில்லை, நுரையீரலில் பூஞ்சை வளர்ந்திருக்கிறது என்று சொல்லி இட்ராகொனசோல் மாத்திரை கொடுத்தார்கள். காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரையோடு சேர்த்து அதைச் சாப்பிடுகிறார். 2 மாதத்தில் இருமல் தணிந்துவிட்டதால் நிறுத்திவிடலாம் என்கிறார். வீட்டில் குழந்தைக்கு இது ஒட்டுமா?
– வாசகி, ஈத்தாமொழி

பதில்: குழந்தைக்கு ஒட்டாது, அந்தக் கவலையை விடுங்கள். ஆனால் மருந்தை இப்போது நிறுத்தவே கூடாது. காசநோய் ஆறிய இடத்தில் எஞ்சும் குழிகளில், காற்றில் எங்கும் மிதக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் தங்கி வளர்வதால் வரும் இந்நோய்க்குக் குறைந்தது 6 மாதச் சிகிச்சை தேவை. 12 மாதம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்ததைச் சண்டிகர் மருத்துவர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது, அவர் மாத்திரை சாப்பிடும் முறை. வழக்கமான இட்ராகொனசோல் காப்ஸ்யூல் உடலில் சேர இரைப்பை அமிலமும் உணவும் வேண்டும். வெறும் வயிற்றில், அமிலத்தைக் குறைக்கும் கேஸ் மாத்திரையோடு விழுங்கினால் மருந்தின் பெரும்பகுதி வீணாகிவிடும். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே கொடுங்கள். கேஸ் மாத்திரை அவசியந்தானா, இட்ராகொனசோலில் வேறு வகை தரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கொழுப்பு, இதய நோய் மாத்திரைகள் சிலவற்றோடும் இது ஒத்துப்போகாது என்பதால், அவர் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் கையோடு எடுத்துச் சென்று காட்டுவது நல்லது. கல்லீரல் இரத்தப் பரிசோதனையையும் அவ்வப்போது செய்ய வேண்டும். கால் வீக்கம், மூச்சுத் திணறல், மஞ்சள் காமாலை தென்பட்டால் அன்றே காட்டுங்கள்.

மட்கிய கதம்பையிலும் (தேங்காய் மட்டை) தும்புத் தூசியிலும் பூஞ்சை வித்துகள் மிகுதி. வாயில் துண்டைக் கட்டிக்கொள்வது அவற்றைத் தடுக்காது. என்95 முகக்கவசம் ஓரளவு உதவும். உழைத்துப் பழகியவரிடம் சொல்வது எளிதல்ல என்றாலும், தூசியில்லாத வேறு வேலைக்கு அவர் மாறினால் நான் மிகவும் மகிழ்வேன்.

இருமும்போது வாய் நிறைய இரத்தம் வந்தால் மறுநாள்வரை காத்திராமல், நோயுள்ள நுரையீரல் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108 ஆம்புலன்ஸில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள்.