ஐந்து கிலோ மாட்டுக் கைமா, காரம் தாங்காத பிள்ளைகள்: எப்படித் தீர்ப்பது?

முதலில் அரை அரை கிலோவாகப் பிரித்து, பைகளில் தட்டையாக அமுக்கி ஃப்ரீசரில் வையுங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உருகும். 3, 4 மாதம் வரை ருசி கெடாது. வெளியே வைத்து உருக்காமல், முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

அப்புறம் ஒரு கிலோவை வெங்காயம், இஞ்சி பூண்டு, மஞ்சள், கொஞ்சம் மிளகு மட்டும் போட்டுத் தண்ணீர் வற்றும்வரை வதக்குங்கள். மிளகாய் வேண்டாம்; பெரியவர்களுக்குத் தனியாகத் தாளித்துக்கொள்ளலாம். முதல் நாள் பட்டாணி சேர்த்துச் சப்பாத்திக்கு. மறுநாள் மிச்சத்தில் வேகவைத்த உருளைக்கிழங்கைப் பிசைந்து, முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தால் கட்லெட். பிள்ளைகளையே உருட்டச் சொல்லுங்கள், தட்டில் மிச்சமே இருக்காது.

என் ஓட்டு கோலா உருண்டைக்குத்தான். வழக்கமாக ஆட்டுக்கறியில் செய்வார்கள், மாட்டுக்கறியிலும் அருமையாக வரும். பச்சைக் கைமாவை சோம்பு, தேங்காயுடன் அரைத்து, பொட்டுக்கடலை மாவு சேர்த்து உருட்டுங்கள். மாவு குறைந்தால் எண்ணெயில் உதிர்ந்துவிடும். அதனால் முதலில் ஒன்றை மட்டும் பொரித்துப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் இன்னும் வேகட்டும். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 71 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும்.