புரோகிதர் இல்லை, தாலி இல்லை, மாதமோ ஆடி: இந்தத் திருமணம் சட்டப்படி செல்லுமா?

கேள்வி: எனக்கு வயது 29. கோவையில் ஐ.டி. வேலை. நானும் நான் மணக்கப்போகிறவரும் பிறப்பால் இந்துக்கள், வேறு வேறு சாதி. இருவருக்குமே கடவுள் நம்பிக்கை இல்லை. ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, பொள்ளாச்சி பக்கம் நண்பரின் தென்னந்தோப்பில், அறுபது பேர் முன்னிலையில் மாலை மாற்றி, நாங்களே எழுதிய உறுதிமொழியை வாசித்து மணம் முடிக்க நினைக்கிறோம். குடகில் ஒரு காபித் தோட்டத்தையும் பார்த்து வைத்திருக்கிறோம். புரோகிதர், அக்னி, தாலி எதுவும் கிடையாது. எங்கள் வழக்கறிஞர் தோழி தலைமை தாங்குவார். "அக்னி சாட்சி இல்லாத கல்யாணம் கோர்ட்டில் நிற்காது. நாளைக்குச் சொத்து, பிள்ளைகள் என்று வரும்போது மாட்டிக்கொள்வீர்கள்" என்கிறார் மாப்பிள்ளையின் பெரியப்பா. மாப்பிள்ளை வெளிநாட்டு வேலைக்குப் போகிறார், நானும் கூடவே போக விசா எடுக்க வேண்டும். "முதலில் ரிஜிஸ்டர் ஆபீஸில் சர்டிபிகேட் வாங்கிவிடுங்கள், கல்யாணத்தை மெதுவாக வைத்துக்கொள்ளலாம்" என்கிறார் விசா ஏஜென்ட். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். பொள்ளாச்சித் தோப்பில் நீங்கள் நடத்த நினைக்கும் திருமணம் முழுக்கச் செல்லும். ஏஜென்ட் சொல்லும் வழிதான் ஆபத்தானது.

பெரியப்பாவின் பயத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் வழக்கில் 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம், மதச் சடங்கில்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றே தீர்ப்பளித்தது. பெரியார் இயக்கத்தை நம்பி அப்படி மணந்துகொண்ட பெண்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும் சட்டத்தின் பார்வையில் திடீரென்று அந்தரத்தில் நின்றார்கள். அந்த அநியாயத்தைச் சரிசெய்யத்தான் 1967-ல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் அது செல்லுபடியாக்கியது. ஆகவே உங்கள் சொத்துரிமைக்கும் பிள்ளைகளின் வாரிசுரிமைக்கும், அக்னி வலம் வந்து மணந்தவர்களுக்கு உள்ளதில் இம்மியும் குறையாது.

நாத்திகர் என்பதால் சட்டம் உங்களைக் கைவிடாது. இந்துவாகப் பிறந்து வேறு மதத்துக்கு மாறாதவர் எல்லாரும், கோயில் பக்கமே போகாவிட்டாலும், இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். சாதி வேறுபாடு ஒரு பொருட்டே இல்லை. ஆடி, மார்கழி, ராகு காலம் எதையும் சட்டம் பார்ப்பதில்லை. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், முந்தைய திருமணம் ஏதும் நிலுவையில் இருக்கக் கூடாது, விலக்கப்பட்ட உறவாக இருக்கக் கூடாது என்ற பொதுவான நிபந்தனைகள் மட்டும் இதற்கும் உண்டு.

7ஏ கேட்பது கொஞ்சம்தான். உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், மூன்றில் ஏதாவது ஒன்று நடக்க வேண்டும்: ஒருவரையொருவர் கணவராக, மனைவியாக ஏற்பதாக இருவருக்கும் புரியும் மொழியில் அறிவிப்பது, அல்லது ஒருவருக்கொருவர் மாலை அணிவிப்பது அல்லது மோதிரம் போடுவது, அல்லது தாலி கட்டுவது. ஒன்று போதும் என்றாலும் முதல் இரண்டையும் சேர்த்தே செய்துவிடுங்கள். ஒன்றில் யாராவது குறை கண்டுபிடித்தாலும் மற்றது தாங்கிப் பிடிக்கும்.

குறை எங்கே வருகிறது என்று கேட்டால், பெரும்பாலும் உறுதிமொழியில்தான். சொந்தமாக எழுதும்போது "உன் கனவுகளுக்குத் தோள் கொடுப்பேன், உன் மௌனத்தையும் கேட்பேன்" என்றெல்லாம் இரண்டு பக்கத்துக்கு அழகாக எழுதுகிறார்கள். ஆனால் 'உன்னை மணக்கிறேன்' என்ற சங்கதி அதில் எங்குமே இருக்காது. 'இணையர்', 'துணை' என்ற சொற்களைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். கூடவே இந்த ஒரு வரியை மட்டும் இருவரும் கட்டாயம் சொல்லுங்கள்: "இன்னாரின் மகளாகிய நான், இங்கே கூடியிருப்பவர்கள் முன்னிலையில், இன்னாரை இன்று முதல் என் கணவராக ஏற்றுக்கொள்கிறேன்." அவரும் அதேபோல "என் மனைவியாக" என்று சொல்லட்டும். தலைமை தாங்குபவர் வாசிக்க நீங்கள் தலையாட்டினால் போதாது, உங்கள் வாயால் சொல்லுங்கள். மோதிரம் என்றால் இரண்டு மோதிரம் வேண்டும். மாப்பிள்ளை மட்டும் பெண்ணுக்குப் போட்டுவிட்டு நிறுத்துவது சட்டம் சொல்லும் 'ஒருவருக்கொருவர்' ஆகாது. மாலையும் அப்படியே.

இது வெறும் விழா, சட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பின்னால் யாரும் கைகழுவ முடியாது. முதல் மனைவி இருக்கும்போதே இன்னொரு பெண்ணுக்குத் தாலி கட்டிய ஒருவர், "சப்தபதி நடக்கவில்லை, அதனால் அது திருமணமே இல்லை" என்று இருதார மண வழக்கிலிருந்து தப்பிக்கப் பார்த்தார். 7ஏ பிரிவின் கீழ் ஏழு அடி எடுத்து வைக்கத் தேவையில்லை, அது முழுமையான திருமணமே என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. பெரியப்பாவிடம் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

அடுத்தது இடம். குடகு வேண்டாம். 7ஏ என்பது தமிழ்நாடு கொண்டுவந்த மாநிலத் திருத்தம். கர்நாடகத்தில் உள்ள தோட்டத்தில், சடங்கே இல்லாமல் மாலை மட்டும் மாற்றிக்கொண்டால், அங்கே அந்தத் திருமணத்தைத் தாங்க இந்தப் பிரிவு கிடையாது. இப்படி எல்லை தாண்டிப் போய் நடத்தும் திருமணங்கள் அதிகமாகிவிட்ட இந்த நாளில், பலரும் யோசிக்காமல் விடுவது இதைத்தான். குடகு மேல் அவ்வளவு ஆசையென்றால், முந்தைய நாள் கோவை வீட்டு மொட்டைமாடியிலோ பொள்ளாச்சித் தோப்பிலோ திருமணத்தை முடித்துவிட்டு, விருந்தை அங்கே வையுங்கள். திருமண நாள் என்று எல்லாப் படிவத்திலும் எழுத வேண்டியது இங்கே முடித்த நாளைத்தான்.

இப்போது ஏஜென்ட் யோசனைக்கு வருகிறேன். இந்து திருமணச் சட்டத்தில் பதிவு என்பது, ஏற்கெனவே நடந்த திருமணத்தைக் குறித்து வைப்பது மட்டுமே. நடக்காத திருமணத்தைப் பதிவு உண்டாக்காது. இதேபோல் சான்றிதழை முதலில் வாங்கிவிட்டு, சடங்குகளைப் பிறகு நடத்த நினைத்த ஒரு விமானி ஜோடியின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இடையில் மனக்கசப்பு வந்து விழா நடக்கவே இல்லை. திருமணமே நடக்காததால் சான்றிதழும் பதிவும் செல்லாது என்று 2024 ஏப்ரல் 19 அன்று நீதிமன்றம் அறிவித்தது. நீங்கள் அந்த வழியில் போனால், நடக்காத திருமணத்தை நடந்ததாகப் பொய்த் தேதி போட்டு அரசுப் படிவத்தில் கையெழுத்திடுவீர்கள். பிறகு ஆடியில் எடுக்கும் போட்டோக்களும் அழைப்பிதழும் அந்தத் தேதியோடு மோதும். விசா அதிகாரி கண்ணில் முதலில் படுவதும் அந்த முரண்பாடுதான். அவசரம் என்றால் திருமணத்தையே முன்னால் நகர்த்துங்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான்கு நண்பர்கள் முன்னிலையில், இரண்டு மாலையோடு பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, அந்தத் தேதியில் பதிவு செய்யலாம். அது உண்மையான திருமணம். ஆடி ஞாயிறன்று நடப்பது அதன் கொண்டாட்டம்.

சிறப்புத் திருமணச் சட்டத்தில் மட்டும்தான், பதிவு அலுவலகத்தில் திருமண அதிகாரி முன் சொல்லும் உறுதிமொழியே திருமணமாகிறது. அதற்கு உங்களில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து, ஆட்சேபணைக்கு 30 நாள் காத்திருந்து, நோட்டீஸ் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள், மூன்று சாட்சிகளோடு முடிக்க வேண்டும். இருவரும் இந்துக்கள் என்பதால் அதில் மணந்தாலும் வாரிசுரிமைச் சட்டம் மாறாது. உங்களுக்கு அது தேவையில்லை. இருவரில் ஒருவர் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ இருந்திருந்தால் 7ஏ பொருந்தாது, அப்போது அந்த வழியைத்தான் சொல்லியிருப்பேன்.

பதிவுக்கு இப்போதே தயாராகுங்கள், ஏனென்றால் சுயமரியாதைத் திருமணத்தில் கோயில் ரசீதோ மண்டப ரசீதோ இருக்காது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. விசா வேலை இருப்பதால் முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். அழைப்பிதழில் 'விருந்து', 'கொண்டாட்டம்' என்று மட்டும் போடாமல் 'சுயமரியாதைத் திருமணம்' என்ற சொல், இருவரின் முழுப்பெயர், தேதி, தோப்பின் சர்வே எண்ணோ முழு முகவரியோ இருக்கட்டும். தோப்பு உரிமையாளரிடம், இன்ன தேதியில் என் இடத்தில் இவர்களின் திருமணம் நடந்தது என்று ஒரு கடிதம் வாங்கிவையுங்கள். மாலை மாற்றுவதும் அந்த ஒரு வரியைச் சொல்வதும் வெட்டு இல்லாத ஒரே வீடியோவாக இருக்கட்டும். பாட்டு போட்டு எடிட் செய்த வீடியோவில் உங்கள் குரலே கேட்காது, சாட்சியமாக அது உதவாது. சாட்சிகளாக நேரில் பார்த்த மூன்று பேரை அடையாள அட்டையோடு அழைத்துப் போங்கள்.

பெயரில் கவனம் வையுங்கள். ஆதாரில் இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். சான்றிதழில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஆங்கில எழுத்துக்கு எழுத்து வர வேண்டும். படிவத்தை அச்செடுத்ததும் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து விரல் வைத்துச் சரிபாருங்கள். கையெழுத்தான பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.

உங்கள் தோழி தலைமை தாங்கலாம், தடையில்லை. வக்கீல் அலுவலகத்தில் ரகசியமாக நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை, 2023 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஊரறிய நடக்க வேண்டும் என்று 7ஏ எங்கும் கேட்கவில்லை என்றும், வழக்கறிஞர் நண்பராகவோ உறவினராகவோ இருந்து மணம் நடத்தி வைக்கலாம், தொழில்முறையில் அதைச் செய்யக் கூடாது என்றும் அந்தத் தீர்ப்பு பிரித்துச் சொல்கிறது. ஆகவே அவர் கறுப்பு கோட்டு இல்லாமல் வரட்டும். தன் லெட்டர் பேடில் முத்திரை குத்தி 'திருமணச் சான்றிதழ்' என்று எதையும் தர வேண்டாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் அவரும் ஒரு சாட்சியாகத் தன் வீட்டு முகவரியைக் கொடுத்துக் கையெழுத்திட்டால் போதும்.