எஸ்எஸ்டிஐ வந்துவிட்டது; சைல்டு சப்போர்ட் தானாகக் குறையுமா?

கேள்வி: ஹூஸ்டனில் தனியாக இருக்கிறேன். விவாகரத்தாகிவிட்டது, 11 வயது மகன் அம்மாவிடம் வளர்கிறான். டெக்சாஸ் கோர்ட் உத்தரவுப்படி சைல்டு சப்போர்ட் (பிள்ளை வளர்ப்புச் செலவுக்கு நான் கட்ட வேண்டிய தொகை) மாதம் 900 டாலர். பக்கவாதத்தில் வேலை போனதிலிருந்து கட்டவில்லை. இப்போது எஸ்எஸ்டிஐ (சோஷியல் செக்யூரிட்டி தரும் இயலாமை உதவித்தொகை) மாதம் 1,800, கம்பெனி எடுத்துத் தந்த இயலாமைக் காப்பீட்டிலிருந்து 1,500 வருகிறது. என் எஸ்எஸ்டிஐ கணக்கை வைத்து மகனுக்கும் மாதம் 900 டாலரும், பழைய மாதங்களுக்கான மொத்தத் தொகையும் அவன் அம்மா கைக்குப் போயின. உத்தரவு தானாக மாறுமா? வரி உண்டா?

பதில்: தானாக மாறாது. கோர்ட் மாற்றும் வரை 900 டாலர் பாக்கி ஏறிக்கொண்டேதான் இருக்கும், வட்டியோடு. "பரவாயில்லை" என்று முன்னாள் மனைவி வாட்ஸ்அப்பில் சொன்னாலும் செல்லாது. பின்தேதியிட்டுக் குறைப்பதற்கும் எல்லை உண்டு: மனுவின் சம்மன் அவருக்குச் சேர்ந்த நாள், அல்லது அவர் ஆஜரான நாள், இதில் முந்தியதற்கு முன்னால் கோர்ட் போக முடியாது. சைல்டு சப்போர்ட்டைக் கவனிக்கும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் மறுஆய்வு கேட்கலாம், கட்டணமில்லை. ஆனால் அங்கே விண்ணப்பம் கொடுத்த தேதி கணக்கில் வராது. அவசரமென்றால் நேரே மனுப் போடுங்கள். உத்தரவு வந்து மூன்று வருடம் ஆகட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. வருமானம் இப்படி விழுந்ததே போதிய காரணம்.

மனு போட்டால் கணக்கு உங்கள் பக்கம். ஒரு பிள்ளைக்கு நிகர வருமானத்தில் 20 சதவீதம். வரி கழிக்காமலே 3,300இல் 660 டாலர்தான். அதிலிருந்து மகனுக்கு வரும் 900ஐக் கழிக்கச் சொல்கிறது டெக்சாஸ் சட்டம், மிச்சம் ஏதுமில்லை. மருத்துவக் காப்பீட்டுப் பங்கு தனி, அதைக் கோர்ட் கேட்கலாம். மகனுக்காக அம்மா வாங்கிய மொத்தத் தொகையை உங்கள் பழைய பாக்கியில் வரவு வைக்கவும் சட்டத்தில் இடமுண்டு. பலர் இதைக் கேட்பதே இல்லை. சோஷியல் செக்யூரிட்டி அனுப்பிய கடிதத்தை மனுவோடு இணையுங்கள்.

இனி வரி. மகனின் 900 அவன் பெயரிலுள்ள எஸ்எஸ்ஏ-1099இல் (சோஷியல் செக்யூரிட்டி அனுப்பும் வருடாந்தர வரிப் படிவம்) வரும். உங்கள் ரிட்டர்னில் சேர்க்காதீர்கள். சைல்டு சப்போர்ட் கட்டினால் வரிக்கழிவு கிடையாது. எஸ்எஸ்டிஐயிலிருந்து அதைப் பிடித்துக்கொண்டாலும் முழுத் தொகையும் உங்கள் வருமானம்தான்.

வருடக் கணக்கில் எஸ்எஸ்டிஐயில் பாதி 10,800, காப்பீடு 18,000, ஆக 28,800. இந்தக் கூட்டுத்தொகை தனிநபருக்கு 25,000ஐத் தாண்டினால்தான் எஸ்எஸ்டிஐக்கு வரி. 1984இல் வைத்த இந்த வரம்பை விலைவாசிக்கு ஏற்ப இன்றுவரை உயர்த்தவில்லை. மிகையான 3,800இல் பாதி, 1,900 டாலர் மட்டும் எஸ்எஸ்டிஐயிலிருந்து வரிக்குரிய வருமானத்தில் சேரும். கூட்டுத்தொகை 34,000ஐத் தாண்டினால் எஸ்எஸ்டிஐயில் 85 சதவீதம் வரை வரிக்குரியதாகும்.

காப்பீட்டின் 18,000 முழுதும் வரிக்குரியது, பிரீமியம் கம்பெனி கட்டியதால். வரி பிடித்த சம்பளத்திலிருந்து நீங்களே கட்டியிருந்தால் ஒரு டாலருக்கும் வரியில்லை, எஸ்எஸ்டிஐயும் தப்பிவிடும். பழைய பே ஸ்டப்பை (சம்பளச் சீட்டு) பாருங்கள்.

பழைய வருடங்களுக்கான எஸ்எஸ்டிஐ உங்களுக்கும் மொத்தமாக வந்திருந்தால், அந்தந்த வருடக் கணக்கில் போட்டுப் பாருங்கள். வரி குறைந்தால் வருமான வரி ரிட்டர்னான 1040 படிவத்தில் 6சி கட்டத்தை டிக் செய்யுங்கள். ஏப்ரலில் மொத்தமாகக் கட்டச் சிரமமென்றால் சோஷியல் செக்யூரிட்டியிடம் டபிள்யூ-4வி படிவம் கொடுத்து, எஸ்எஸ்டிஐயில் 7, 10, 12 அல்லது 22 சதவீதத்தை வரிக்காக மாதாமாதம் பிடிக்கச் சொல்லலாம். உங்களுக்கு 7 போதும்.