மோட்டர்ஹோம் ஹைவேயில் நின்றால்: ரோ ட்ரக் கொளுவ முதல் செய்யவேண்டியவை

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: இரண்டு குடும்பம் சேர்ந்து 2008ஆம் ஆண்டு மோட்டர்ஹோம் (உள்ளேயே சமைத்துப் படுக்கிற, வீடு மாதிரி வண்டி) ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். 31 அடி நீளம், ஃபோர்ட் ஈ-450 செசி (அடிச்சட்டம்). ஜூலையில் ரொறன்ரோவிலிருந்து 400, 11, 60 ஹைவேக்களைப் பிடித்து அல்கொங்குவின் பூங்காவுக்குப் போகிற யோசனை. "வழியில நின்றால் கார் மாதிரி ரோ ட்ரக்கைக் கூப்பிட்டாச் சரிதானே?"

கூப்பிடத்தான் வேண்டும், ஆனால் கார் மாதிரி இல்லை. பழுதானதை விட இழுத்ததில் கெட்டுப்போன மோட்டர்ஹோம்கள் நிறைய. ரேடியேற்றர் குழாய் வெடித்து நின்ற வண்டி, கராஜுக்குப் போய்ச் சேரும்போது கியர்பொக்ஸும் எரிந்துபோய் நிற்கும். ஏன் என்று விளங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

உங்கள் வண்டிக்கு உந்துவிசை பின்சில்லுக்கு. முன்பக்கத்தைத் தூக்கி இழுத்தால் பின்சில்லு உருளும், சில்லோடு ட்ரைவ்ஷாஃப்ட் (கியர்பொக்ஸையும் பின் அக்சிலையும் இணைக்கிற நீளத் தண்டு) சுற்றும், ஷாஃப்ட்டோடு கியர்பொக்ஸின் பின்பாதியும் சுற்றும். கியர்பொக்ஸுக்குள் ஒயிலைத் தள்ளுகிற பம்ப்பை ஓட்டுவது எஞ்சின்தான். எஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்கும், உள்ளே பெயரிங்குகள் ஒயில் கிடைக்காமல் சுற்றித் தேயும். நியூட்ரலில் போட்டாலும் இதே கதைதான். "நியூட்ரலில விட்டாப் போதும்" என்று ஒரு ட்ரைவர் சொன்னால், வேறு ஆளைக் கூப்பிடுங்கோ.

ஆக, ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டும். பத்துப் பதினைந்து நிமிட வேலை, ட்ரைவரின் வேலை. எப்படிச் செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கோ. முதலில் பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஷாஃப்ட் கழன்றதும் கியரைப் 'பார்க்'கில் போட்டிருப்பதில் பிரயோசனம் இல்லை, ஏனென்றால் 'பார்க்' பூட்டுவது கியர்பொக்ஸை, சில்லை அல்ல. பெரிய ஃபோர்ட் எஃப்-53 செசிகளில் பழையவற்றுக்குக் கைபிரேக்கே ஷாஃப்ட்டில்தான் இருக்கும். ஷாஃப்ட் போனால் அதுவும் போச்சு. கட்டை இல்லாமல் ஒருவர் வண்டிக்குக் கீழே படுத்தால் உடனே வெளியே வரச் சொல்லுங்கோ.

அடுத்தது அடையாளம். பின் அக்சிலோடு ஷாஃப்ட் சேருகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஒரே நேரில் வெள்ளைப் பெயின்ட் கோடு போட வேண்டும். திருப்பிப் பூட்டும்போது கோடு பொருந்தாவிட்டால் மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் ஓடும்போது வண்டி நடுங்கும், என்ன காரணம் என்று ஒரு கிழமை தேடுவீர்கள். சில வண்டிகளில் ஷாஃப்ட் நுனியில் இருக்கிற சிலுவை மூட்டின் இரண்டு கிண்ணங்கள் பிடியில்லாமல் நிற்கும். டேப் சுற்றாமல் விட்டால் கிண்ணம் கழன்று, உள்ளே இருக்கிற ஊசி மாதிரிப் பெயரிங்குகள் வீதியில் கொட்டிவிடும். நீளமான வண்டிகளுக்கு ஷாஃப்ட் இரண்டு, மூன்று துண்டாக, நடுவில் தாங்கியோடு வரும். கடைசித் துண்டை மட்டும் கழற்றினால் போதும், ஆனால் ஷாஃப்ட்டில் வெளியே தெரிகிற பல்லை பிளாஸ்ரிக் பையால் மூடிக் கட்ட வேண்டும். ஷாஃப்ட்டைக் கம்பியால் கீழே தொங்கவிட வேண்டாம், வண்டிக்குள் பழைய போர்வையில் சுற்றி வையுங்கோ. போல்ட்டுகள் ஒரு பையில்.

டிஃப்பெரன்ஷலே (பின் அக்சிலின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி) உடைந்து சத்தம் போட்டு நின்ற வண்டி என்றால் கதை வேறு. அப்போது ஷாஃப்ட் கழற்றிப் பயனில்லை, இரண்டு பக்க அக்சில் தண்டுகளையும் உருவி, ஓட்டையை மூடி, ஒயில் வழியாமல் பார்க்க வேண்டும்.

"ஃபிளாட்பெட்டில் ஏற்றினால் இந்தக் கரைச்சல் இல்லையே" என்று நினைப்பீர்கள். கணக்குப் பாருங்கோ. உங்கள் வண்டி கூரையிலுள்ள ஏசியோடு 11 அடி 3 அங்குலம் என்றால் 3.43 மீற்றர். சாதாரண ஃபிளாட்பெட் தட்டு நிலத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மீற்றர். கூட்டினால் 4.4. ஒன்ராறியோவில் உயர எல்லை 4.15 மீற்றர். தாழ்வான பாலம் வந்தால் ஏசி போய்விடும். நிறையும் ஒத்துவராது: ஈ-450 நிறைச் சுமையோடு 6,500 கிலோ அளவில் வரும், கார் ஏற்றுகிற ட்ரக் அதற்குச் செய்ததல்ல. தட்டு மிகத் தாழ்வான ட்ரெயிலர் கிடைத்தால் ஏற்றலாம், இல்லாவிட்டால் முன் அக்சிலைத் தூக்குகிற ஹெவி ரோதான். வான் அளவு சின்ன மோட்டர்ஹோம்களுக்கு ஃபிளாட்பெட் சரி. அதிலும் நான்கு சில்லும் இழுக்கிற ஸ்பிரின்டர், ட்ரான்சிட் வகைகளுக்கு ஃபிளாட்பெட் மட்டுமே.

எனவே அழைக்கும்போதே சொல்லுங்கோ: மோட்டர்ஹோம், ஈ-450, பின்சில்லு உந்துவிசை, நீளம் 31 அடி, உயரம் இவ்வளவு, ட்ரைவர் கதவு ஸ்ரிக்கரில் இருக்கிற மொத்த நிறை இவ்வளவு, சில்லு உருளுமா, எந்த ஹைவே, எந்தத் திசை, எந்த எக்சிற்றுக்குக் கிட்ட. "ஷாஃப்ட் கழற்றத் தெரிந்த ஆளும் அதற்கான ஸ்பனரும் வேண்டும்" என்று கடைசியில் அழுத்திச் சொல்லுங்கோ. காகிதத்தில் எழுதிச் சன்விசரில் இப்போதே ஒட்டிவிடலாம். பயத்தில் நிற்கும்போது உயரம் ஞாபகம் வராது.

ட்ரக் வரும்வரை வீட்டுப் பகுதி உங்கள் பொறுப்பு. ஸ்லைட் அவுட் (பக்கவாட்டில் வெளியே நீளுகிற அறைப்பகுதி) உள்ளே போக வேண்டும், அதுதான் பெரிய வேலை. எஞ்சின் செத்தாலும் வீட்டுப் பற்றரியில் மோட்டர் ஓடும். பற்றரி இறங்கியிருந்தால் ஜெனரேற்றரைப் போட்டுப் பாருங்கோ. ஆனால் எஞ்சினுக்கான பெற்றோல் தாங்கியிலிருந்தே எடுக்கிற ஜெனரேற்றர், தாங்கி கால்வாசிக்குக் கீழே போனால் வேண்டுமென்றே நின்றுவிடும், நீங்கள் வீடு போகப் பெற்றோல் மிஞ்சவேண்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். அதுவும் சரிவராவிட்டால் கையால் சுற்றுகிற வழி இருக்கும். அந்த அறுகோண முனை எங்கே, எந்த அளவு சொக்கெற் பொருந்தும் என்பதை வீட்டு முற்றத்தில் வைத்தே ஒருமுறை சுற்றிப் பாருங்கோ. லெவலிங் ஜாக் (நிறுத்தும்போது வண்டியைச் சமமாக்குகிற கால்கள்) முழுவதும் மேலே வரவேண்டும், வராவிட்டால் பட்டியால் இழுத்துக் கட்ட வேண்டும். சாய்ப்புத் துணியையும் பட்டியால் கட்டுங்கோ. அன்ரெனா கீழே, கூரை மூடி பூட்டு. புரொபேன் வால்வை வலப்பக்கம் திருகி மூடி, பிரிட்ஜை நிறுத்துங்கோ. முன்பக்கம் தூக்கினால் தரை பின்னுக்குச் சரியும், அலமாரிகளில் இருப்பதெல்லாம் கட்டில் பக்கம் ஓடும்.

அந்தச் சரிவுதான் அடுத்த ஆபத்து. முன்சில்லு நிலத்தை விட்டு 30 சென்ரிமீற்றர் எழும்புகிறது என்று வையுங்கோ. இரண்டு அக்சிலுக்கும் இடையே 5.6 மீற்றர், பின் அக்சிலுக்குப் பின்னால் 3 மீற்றர் வால் என்றால், வால் ஏறத்தாழ 16 சென்ரிமீற்றர் தாழும். பெற்றோல் நிலைய வாசல் மேட்டில் சைலன்சர் குழாயும் கழிவுத் தாங்கி வால்வும் உரசுவது அதனால்தான். எழும்புவது சில்லு நிலத்தில் படாத அளவு போதும், மேலே வேண்டாம். கழிவுத் தாங்கிகளில் 150 லீற்றர் நின்றால் 150 கிலோ, பெரும்பாலும் வால் பக்கம். பயணத்தில் கிடைக்கிற டம்ப் ஸ்ரேஷனில் (கழிவு கொட்டுகிற இடம்) எல்லாம் காலி செய்யுங்கோ, வீதியோரத்தில் திறந்துவிட்டால் அது சட்டக் குற்றம். தூக்கியபின் கூரையின் உயரத்தை ட்ரைவரோடு சேர்ந்து திரும்ப அளக்க வேண்டும்.

கொளுக்கி அக்சிலிலோ செசியிலோ பிடிக்க வேண்டும், முன்பம்பரில் அல்ல. பின்னுக்கு வைக்கிற காந்த லைற்றுகள் ஃபைபர்கிளாஸில் ஒட்டாது, பட்டியால் கட்டச் சொல்லுங்கோ. ஸ்ரியரிங் நேராக நிற்க வேண்டும். பின் இரட்டை ரயர்களில் உள்ளுக்கு இருப்பதன் காற்றையும் பாருங்கோ, வெளியே இருந்து பார்த்தால் நல்லாய்த்தான் தெரியும்.

காசு விசயம். சாதாரண ரோட்சைட் திட்டம் (வழியில் நின்றால் உதவுகிற உறுப்புரிமை) பலவற்றில் மோட்டர்ஹோம் சேராது, மோட்டர்ஹோம் வகை வண்டிகளுக்கான ஆர்வி என்று தனியாக எடுக்க வேண்டும். எடுக்கும்போது ஹெவி ரோ அடங்குமா, எத்தனை கிலோமீற்றர், ஷாஃப்ட் கழற்றுகிற கூலி யாருக்கு என்று கேளுங்கோ. ஒன்ராறியோவில் 2024 ஜனவரி முதல் ரோ நிறுவனங்களுக்கு மாகாணச் சான்றிதழ் கட்டாயம். இழுக்க முன் ஒப்புதல் படிவம், பிறகு வேலை வேலையாகப் பிரித்த பில், இரண்டும் உங்கள் உரிமை. ரொறன்ரோவைச் சுற்றி 401, 400 போன்றவற்றின் சில பகுதிகளில் அந்தப் பகுதிக்கு நியமித்த நிறுவனம்தான் இழுக்கலாம், கூப்பிடாமல் வந்து நிற்கிற ட்ரக்கிடம் கொடுக்காதேங்கோ.

இழுபடுகிற மோட்டர்ஹோமுக்குள் ஆளும் நாயும் இருக்கக்கூடாது. ட்ரக்கில் ஒருவர் இருவருக்குத்தான் இடம். இரண்டு குடும்பமும் பிள்ளைகளின் சீற்றுகளும் எதில் போவது என்று புறப்பட முதலே ஒரு ஏற்பாடு வைத்திருங்கோ.

கராஜில் இறக்கும்போது கட்டை வைத்த பிறகே சங்கிலி கழற்ற வேண்டும். "ட்ரைவ்ஷாஃப்ட் பூட்டவில்லை, கட்டில் மேல் இருக்கிறது" என்று எழுதி ஸ்ரியரிங்கில் ஒட்டிவிட்டு, போல்ட் பையையும் அதிலேயே கட்டிவிடுங்கோ.