பள்ளியில் ஃப்ளூ பரவாமல் தடுக்க மாணவர்களால் என்ன செய்ய முடியும்?

கை கழுவுவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதைவிட முக்கியம், காய்ச்சல் வந்தவர் கவலையில்லாமல் வீட்டில் படுத்திருக்க வகுப்புத் தோழர்கள் வழிசெய்வது.

ஃப்ளூ தொற்றியவரிடமிருந்து, அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே வைரஸ் பரவத் தொடங்கிவிடும். நோய் தொடங்கிய முதல் 3 நாட்களில் பரவல் மிக அதிகம். பாடம் போய்விடுமே என்று பயந்து மாத்திரை போட்டுக்கொண்டு வகுப்புக்கு வருவதும் அதே நாட்களில்தான். பாரசிட்டமால் சூட்டைத் தணிக்கும், தொற்றை நிறுத்தாது. மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமலிருந்து, மற்ற தொந்தரவுகளும் குறைந்த பிறகே பள்ளிக்கு வர வேண்டும்.

அதனால் அன்றன்றைய பாடக் குறிப்புகளைப் படமெடுத்து அனுப்ப இரண்டிரண்டு பேராக முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் மட்டும் விட்டால், அவரும் படுத்துவிடும் நாளில் எல்லாம் நின்றுபோகும். விடுப்பே எடுக்காதவருக்குப் பரிசு என்ற வழக்கம் இருந்தால், ஃப்ளூ பரவும் மாதங்களிலாவது அதை நிறுத்திவைக்கும்படி ஆசிரியர்களிடம் பேசுங்கள். அந்தப் பரிசுக்காகவே காய்ச்சலோடு வரும் பிள்ளைகள் உண்டு.

அடுத்தது காற்று. எதிரெதிர்ப் பக்கத்து ஜன்னல்களையோ, ஜன்னலையும் கதவையும் சேர்த்தோ திறந்தால்தான் காற்று ஊடாகப் போகும். ஒரு ஜன்னலை மட்டும் திறந்தால் அவ்வளவு பயனில்லை. இடைவேளையில் அவற்றைத் திறந்துவைத்துவிட்டு எல்லோரும் வெளியே போய்விட்டு வந்தால் அறைக் காற்றும் மாறும்.

இருமலை உள்ளங்கையால் மறைக்காதீர்கள். அந்தக் கை அடுத்து தொடுவது கதவுப் பிடியையும் பக்கத்து மேசையையும்தான். முழங்கை மடிப்பிலோ டிஷ்யூவிலோ இருமுங்கள். டிஷ்யூவை உடனே குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவுங்கள்.

ஃப்ளூ வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்புறை இருக்கிறது. சோப்பு அதை உடைத்துவிடும், ஆனால் 20 வினாடியாவது தேய்க்க வேண்டும். விரல் நுனி, கட்டைவிரல், விரலிடுக்கு இவைதான் வழக்கமாக விட்டுப்போகும். சானிடைசரில் ஆல்கஹால் 60 சதவீதமாவது இருக்கட்டும். அழுக்குக் கையில் அது சரியாக வேலை செய்யாது. காய்வதற்குள் சட்டையில் துடைத்தாலும் வீண். தண்ணீர் பாட்டிலைப் பகிர வேண்டாம்.

ஆண்டுக்கொரு முறை போடும் ஃப்ளூ தடுப்பூசி பலன் தர ஏறத்தாழ 2 வாரம் ஆகும். வகுப்பில் பாதிப் பேர் இருமத் தொடங்கும்வரை காத்திருக்காமல், முன்கூட்டியே வீட்டில் கேளுங்கள்.

இன்னும் ஒன்று. ஃப்ளூ வந்த பிள்ளைகளுக்கு, மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய் அரிதாக வரலாம். மூச்சு வாங்குவது, நெஞ்சுவலி, உதடு நீலம் பாய்வது, வெகுநேரம் சிறுநீர் போகாதது, குறைந்துவிட்ட காய்ச்சலோ இருமலோ திரும்பி வந்து முற்றுவது — இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பள்ளியில் இருக்கும்போது தெரிந்தால், பெரியவர் ஒருவரிடம் அந்த நிமிடமே சொல்லுங்கள்.